மிச்சமிருந்த ஒரு சொல்

சலவைக் கூடத்தில் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்து, சூடான உருளை இயந்திரத்துக்குள் ஈரமாகக் கொடுப்பார்கள். மறுபக்கம் அவை மொடமொடவென்று வெளியே வரும். அந்த மறுபக்கத்தில் பதினெட்டு வருஷமாக நிற்பவள் அவள். அவள் மடித்த விரிப்பில் ஓரத்தோடு ஓரம் பிசகாமல் உட்கார்ந்திருக்கும். "அக்கா மடிச்சதைப் பிரிக்க யாருக்கு மனசு வரும்? பேஷண்ட் தரையில படுத்துக்க வேண்டியதுதான்" என்று வண்டிக்காரர் கேலி செய்வார்.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவளுடைய நாத்தனார். புருஷனின் அக்கா, கூடத்தின் சூப்பர்வைசர். கல்யாணம் செய்துகொள்ளாதவள், அதே வீட்டின் மாடியறையில் இருந்தாள். தம்பி ஏழு வயசுப் பெண் குழந்தையை விட்டுவிட்டுக் காய்ச்சலில் போனபோது, பத்தாம் நாள் காலையில் மாடியிலிருந்து இறங்கி வந்து, "அழுது முடிச்சாச்சுன்னா நாளைக்கு ஏழு மணிக்கு என்கூடக் கிளம்பு" என்றாள். பேச்சு கரடுமுரடாக இருந்தாலும் அந்தப் பேச்சுதான் தாயையும் மகளையும் நிமிர்த்தி வைத்தது. அதை மடிப்பக்கா ஒரு நாளும் மறந்ததில்லை. மறக்க முடியாமல் போனதுதான் பிற்பாடு பெரிய கஷ்டமாயிற்று.

மகளை வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயதில், பல் செட் செய்யும் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்தது. மெழுகில் ஒரு பல்லைச் செதுக்கிக் காட்டச் சொன்னார்களாம், இவள் செதுக்கியதைப் பார்த்துவிட்டு, "நிஜப் பல்லைப் பிடுங்கிட்டு வந்துட்டியா?" என்று கேட்டார்களாம். வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருந்தது. "வீட்டுல சும்மா இருக்கறதுக்கு என்கூட வாயேன்" என்று அம்மாதான் கூடத்துக்கு அழைத்துப் போனாள். உருளைக்குள் விரிப்பைக் கொடுக்கும் பக்கத்தில் அவளை நிறுத்தினார்கள்.

உருளைக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி உண்டு. கை அதில் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். ஆனால் அது துணி பட்டாலும் நிற்கும், காற்றுப் பட்டாலும் நிற்கும் என்கிற அளவுக்கு ஒரு தொட்டாற்சிணுங்கி. ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை நின்றது. அதனால் சூப்பர்வைசர் ஒரு தலையணை உறையைக் கிழித்து அந்தக் கம்பியை இழுத்துக் கட்டிவைத்தாள். கூடத்தில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மடிப்பக்காவும் பார்த்தாள். அதன் பிறகு எது பட்டாலும் இயந்திரம் நிற்கவில்லை, வேலை ஆறு மணிக்கே முடிந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஈர விரிப்பின் மூலை பாப்பாவின் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. வலது கை உருளைக்குள் போயிற்று. சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை யாரோ ஓடிப்போய் அடிக்கிறவரை உருளை நிற்கவில்லை.

மூன்று நாள் கழித்து மடிப்பக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கூடத்துக்கு வந்தபோது, கம்பியில் துணி இல்லை. விசாரணைக்கு வந்தவர் எழுதிக்கொண்டு போய்விட்டிருந்தார். பணியாளர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நேர்ந்தது, சூப்பர்வைசர் நேரில் கண்டது என்று.

"அண்ணி, அவ போன் லாக்கர்ல இருந்துது! நான்தான் பூட்டினேன்!"

"எனக்கென்ன தெரியும்? நான் பாத்ததைச் சொன்னேன்."

"துணி எங்க அண்ணி?"

"எந்தத் துணி?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அன்றைக்கு அதை மடிப்பக்கா கண்ணால் பார்த்தாள். மேலாளரிடம் போய்ச் சொன்னாள். "எழுதினது எழுதினதுதான்மா" என்றார் அவர். கூட வேலை செய்தவர்கள் தலையைக் குனிந்து துணி உதறினார்கள்.

பாப்பாவின் மூன்று விரல்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் புறங்கையில் வேறு நிறத்தில் பளபளத்தது. படிப்பு போயிற்று. மாடியில் அத்தை நடக்கிற சத்தத்தைக் கேட்டபடி ஏழு மாதம் கீழே படுத்துக் கிடந்தாள். பிறகு ஊரின் மறுகோடியில் ஒரு விடுதிக்குப் போய்விட்டாள். பார்சல் அனுப்பும் கம்பெனி ஒன்றில், வாடிக்கையாளர் போனுக்குப் பதில் சொல்லும் வேலை. அதற்குக் காதும் வாயும் போதும்.

மடிப்பக்காவும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே கூடத்தில் வேலை பார்த்தார்கள், ஒரே கோயிலில் ஞாயிறு பூசை கண்டார்கள். பேச்சு மட்டும் இல்லை. நாத்தனாருக்கு எப்போதும் முன்பெஞ்சு. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் மடிப்பக்கா கைப்பையில் எதையோ தேடுவாள். ஜெபத்தில் எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல என்கிற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வாள். அந்த வரியைத் தாண்டி அடுத்த வரியில் சேர்ந்துகொள்வாள். கடவுளிடம் பொய் சொல்லக் கூடாது என்பது அவள் கணக்கு.

விபத்து நடந்து மூன்றாம் வருஷம், நாத்தனார் மாடிப்படியில் விழுந்தாள். மூளைக்குள் ரத்தக்குழாய் அடைப்பு. உடம்பில் வலது பாதி போயிற்று, பேச்சும் போயிற்று. எல்லாச் சொல்லும் போய் ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சமிருந்தது: "சரி." பசிக்கிறதா என்றாலும் சரி. பசிக்கவில்லையா என்றாலும் சரி.

டாக்டர் மடிப்பக்காவைத் தனியே கூப்பிட்டு விளக்கினார். "நாம சொல்றது அவங்களுக்கு எவ்வளவு புரியுதுன்னு தெரியாதும்மா. நாக்கு அந்த ஒரு வார்த்தையில மாட்டிக்கிட்டிருக்கு. அதைப் பதில்னு எடுத்துக்காதீங்க."

நாத்தனாரைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. மடிப்பக்கா பங்குத்தந்தையிடம் போனாள். அவர் பிரசங்கத்தில் அடிக்கடி சொல்வார்: "புனிதம்னா மாடத்துல நிக்கற சிலைகளோட சமாச்சாரம்னு நினைக்காதீங்க. உங்களுக்குப் பிடிக்காத ஒருத்தருக்கு உங்க வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுக்கறீங்களே, அங்க இருக்கு."

"ஃபாதர், கை செய்யும். மனசு செய்யாது" என்றாள் மடிப்பக்கா.

"முதல்ல கை போகட்டும்மா. மனசு பின்னாடியே வரும்."

"எத்தனை நாள்ல வரும் ஃபாதர்?"

அவர் சிரித்தார். நல்ல மனிதர்.

நாத்தனாரை மாடியில் ஏற்ற முடியாது. அதனால் பாப்பாவின் அறையில், பாப்பாவின் கட்டிலிலேயே படுக்க வைத்தாள். காலையில் துடைத்துவிட்டு, துணி மாற்றி, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டிவிட்டு வேலைக்குப் போனாள். மத்தியானம் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்ப்பாள். சாயந்தரம் வந்து மறுபடியும் துடைத்து, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பாள். மாதா சபைப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "நம்ம பங்குல ஒரு புனிதை இருக்கா" என்று வெளியே போய்ச் சொன்னார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒரு நாள் மடிப்பக்கா வேண்டுமென்றே தண்ணீரைச் சூடாக்காமலே துடைத்துவிட்டாள். நாத்தனாரின் உடம்பு சிலிர்த்துக்கொண்டது. கண் அகல விரிய அவளைப் பார்த்து, "சரி" என்றாள். அதை மடிப்பக்கா பாவசங்கீர்த்தனத்தில் பங்குத்தந்தையிடம் சொன்னாள். பிறகு இன்னொரு நாளும் அதையே செய்தாள்.

விஷயம் எப்படியோ பாப்பாவின் காதுக்கு எட்டியது. போன் செய்தாள்.

"என் ரூம்லயா படுக்க வச்சிருக்கே?"

"மாடி ஏத்த முடியலடி."

"அவளை மன்னிச்சுட்டியா?"

"முயற்சி பண்றேன்."

"கை என்னுதும்மா. மன்னிக்கறதுக்கு நீ யாரு?"

மடிப்பக்கா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பாப்பாதான் மேலே பேசினாள்.

"ஒரே ஒரு தடவை, ஆமா நான்தான் கட்டினேன், உன் மேல தப்பில்லன்னு அத்தை சொல்லட்டும். அன்னைக்கு நான் வீட்டுக்கு வரேன். கோயிலுக்கும் வரேன். அதுவரைக்கும் அவ பேச்சையே என்கிட்ட எடுக்காதே."

அத்தைக்குப் பேச்சு எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பது பாப்பாவுக்குத் தெரியாது. வாய் குழறுகிறது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தாள். சொல்ல வேண்டியதை மடிப்பக்கா அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம். நாத்தனாரைச் சாய்த்து உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. பாப்பாதான், ஏதோ ஒரு சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூப்பிட்டிருந்தாள். மடிப்பக்கா முன்கூட்டி யோசித்து வைத்தது என்று ஒன்றுமில்லை. சீப்பு கையில் இருந்தது, மகளின் குரல் காதில் இருந்தது, அந்த முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

"பாப்பா, வச்சுடாதே. அத்தை பக்கத்துல இருக்கா. நான் கேக்கறேன், நீயே காதால கேளு." போனை நாத்தனாரின் வாயருகில் பிடித்தாள். "அண்ணி, அந்தக் கம்பியில துணி கட்டினது நீங்கதானே?"

"சரி."

"பாப்பா போனைப் பாத்துக்கிட்டிருந்தான்னு நீங்க சொன்னது பொய்தானே?"

"சரி" என்றாள் நாத்தனார், இன்னும் மெதுவாக. வருத்தப்படுகிற குரல் போலவே இருந்தது.

போனில் ஓர் அழுகை கேட்டது. கட்டுப் பிரிக்கும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த பெண், குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதாள்.

"அம்மா... நாலு வருஷம்மா..."

"ஆமாடி கண்ணு. ஆமா."

நான் பொய் சொல்லவில்லை என்று மடிப்பக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேள்விதான் கேட்டேன், பதில் வந்தது. துணியைக் கட்டியது அவள்தான் என்பது உண்மைதானே? உண்மையைத்தானே வாங்கிக் கொடுத்தேன்?

அடுத்த ஞாயிறு பாப்பா பூசைக்கு வந்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும், எப்போதும் துப்பட்டாவுக்குள் ஒளிந்திருக்கும் வலது கையை எடுத்து நீட்டினாள். மடிப்பக்கா அந்த ஒட்டிய விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அன்று ஜெபத்தில் ஒரு வரியும் விடாமல் வாய்விட்டுச் சொன்னாள். அவள் வாழ்க்கையில் நிம்மதியான மணி நேரம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா நேராக அறைக்குள் போனாள். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, நீங்க சொல்லிட்டீங்க. எனக்கு அது போதும். நானும் விட்டுடறேன். மன்னிச்சுட்டேன்."

"சரி."

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "தண்ணி குடிக்கறீங்களா?"

"சரி."

கரண்டியால் கொடுத்தாள். இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது. "போதுமா?"

"சரி."

"இன்னும் வேணுமா?"

"சரி."

கரண்டி அந்தரத்தில் நின்றது. கதவருகில் நின்ற மடிப்பக்கா, "போதும்டி, விடு. வா, சாப்பிடலாம்" என்றாள். பாப்பா திரும்பவில்லை.

"அத்தை, நான் யாரு? நான் உங்க அம்மாதானே?"

"சரி."

"துணியை யாருமே கட்டல. நான்தான் போனைப் பாத்துக்கிட்டே கையை உள்ள விட்டேன். அப்படித்தானே?"

"சரி" என்றாள் நாத்தனார். அதே மெதுவான, வருத்தப்படுகிற குரல்.

பாப்பா கரண்டியை டம்ளருக்குள் வைத்தாள். எழுந்து அம்மாவைப் பார்த்தாள்.

"உனக்கு இது தெரியுமா?"

"பாப்பா..."

"தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"விழுந்த நாள்ல இருந்து. டாக்டர் சொன்னாரு. உன்னை எப்படியாவது வீட்டுக்கு..."

"அத்தை பொய் சொன்னா, சரி, தன் வேலையைக் காப்பாத்திக்கச் சொன்னா. நீ எதுக்கும்மா சொன்னே? ஊரே உன்னைப் புனிதைங்குதே, அதுக்கா?"

"உனக்கு மனசு ஆறட்டும்னுதான்டி."

"ஆறிச்சு. ஒரு வாரம் ஆறிச்சு. தினம் நல்லாத் தூங்கினேன் தெரியுமா?" அவள் குரல் உயரவில்லை. "நீயும்தான் அந்தத் துணியைத் தினம் பாத்தே. அதை என்னைக்காவது யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா? பாவசங்கீர்த்தனத்துல அத்தை மேல கோவம் கோவம்னு சொல்லுவியே, இதைச் சொன்னியா?"

சொல்லவில்லை. கோபத்தைச் சொல்லியிருந்தாள், குளிர்ந்த தண்ணீரைச் சொல்லியிருந்தாள். கட்டியிருந்த துணியைத் தானும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததை ஒரு நாளும் சொன்னதில்லை. பாப்பா பையை எடுத்துக்கொண்டு போனாள். வாசல்வரைக்கும்கூட மடிப்பக்காவால் பின்னால் போக முடியவில்லை.

ஐந்து வாரம் கழித்து நாத்தனாருக்கு நெஞ்சில் சளி கட்டியது. பங்குத்தந்தை வந்து நோயில்பூசுதல் கொடுத்தார். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் தடவிவிட்டுக் காதருகே குனிந்து, "உங்க பாவங்களுக்காக மனஸ்தாபப்படுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"சரி."

அவருக்குத் திருப்தி. துண்டோடு பக்கத்தில் நின்ற மடிப்பக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு தடவை அது பதிலாகவும் இருந்திருக்கலாம். யார் கண்டது. இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு மூச்சு நின்றது. பாப்பாவுக்குச் செய்தி அனுப்பினார்கள். வரவில்லை.

அடக்கப் பூசையில் பங்குத்தந்தை மடிப்பக்காவைப் பற்றித்தான் அதிகம் பேசினார். பகைவரை நேசிப்பது எப்படி என்று புத்தகத்தில் தேட வேண்டாம், மூணாவது பெஞ்சில் பாருங்கள் என்றார். தபசு காலத் தியானத்தில் மன்னிப்பைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று மாதா சபைப் பெண்கள் வந்து கேட்டார்கள். அவள் அவர்களை உட்காரவைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்: தண்ணீர், போன், மகளை ஏமாற்றியது, எல்லாவற்றையும். அவர்கள் கண் கலங்கினார்கள். "பாத்தீங்களா, எவ்வளவு பணிவு! மகாத்மாக்கள் இப்படித்தான் தங்களைத் தாழ்த்திப் பேசுவாங்க" என்றாள் தலைவி. மடிப்பக்காவுக்கு வாயில் வந்தது ஒரு கெட்ட வார்த்தை. அதை விழுங்கிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

பங்குத்தந்தையிடம் முழங்காலிட்டுச் சொன்னபோது அவர் பாவமன்னிப்பு கொடுத்தார். "கடவுள் தர்றதை நான் எடுத்துத் தர முடியும்மா. உங்க மக தர வேண்டியதை நான் தர முடியாது. போய் உண்மையைச் சொல்லுங்க. மன்னிப்பு மட்டும் கேக்காதீங்க. கேட்டா, அதுவும் அந்தப் பொண்ணு தலையில ஒரு சுமைதான்."

பாப்பாவின் அலுவலகத்தில் கீழ்த்தளத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு தண்ணீர் இயந்திரமும் இருந்தன. பாப்பா கழுத்தில் தொங்கும் ஹெட்போனோடு லிஃப்டிலிருந்து வந்தாள். இளைத்திருந்தாள்.

"அத்தை போயிட்டா."

"தெரியும்."

"நான் ஒண்ணும் கேக்க வரலடி. சொல்லிட்டுப் போக வந்தேன். அந்தத் துணியைப் பாத்தேன். வேலை சீக்கிரம் முடியுதேன்னு சும்மா இருந்தேன். உன்னைக் கூட்டிட்டு வந்து அந்தப் பக்கம் நிக்க வச்சதும் நான்தான். எல்லாத்தையும் அண்ணி தலையில வச்சுட்டு, அவளை மன்னிக்கறேன்னு திரிஞ்சேன். அப்புறம் உன்னையும் ஏமாத்தினேன்."

பாப்பா தண்ணீர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இடது கையால் ஒரு காகிதக் கோப்பையை எடுத்துத் தண்ணீர் பிடித்துக் குடித்தாள்.

"இங்க ஒரு நாளைக்கு நூறு பேர்கிட்ட நான் சாரி சொல்றேன்மா. பார்சல் வரலன்னா சாரி, உடைஞ்சு வந்தா சாரி. சொல்ற எனக்கும் ஒண்ணும் இல்ல, கேக்கறவங்களுக்கும் ஒண்ணும் இல்ல. இப்ப நீ பேசறதும் எனக்கு அப்படித்தான் கேக்குது. நீ நிஜமாத்தான் சொல்றேன்னு தெரியுது. ஆனா அப்படித்தான் கேக்குது."

"சரி— " என்று வந்த சொல்லை மடிப்பக்கா பாதியில் கடித்து நிறுத்தினாள்.

"இனிமே இங்க வராதே. போனும் வேண்டாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"நாள் சொன்னா நீ எண்ணிக்கிட்டே உக்காந்திருப்பே. தெரியலம்மா. வராமலே போகலாம் அந்த நாள்."

லிஃப்ட் மேலே போயிற்று. மடிப்பக்கா நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். கடைசியில் காவலாளி வந்து, "யாரைப் பாக்கணும்மா?" என்று கேட்டார்.

"பாத்துட்டேங்க" என்று சொல்லி எழுந்தாள்.

இரண்டு வருஷம் ஆகிறது. பாப்பா விடுதியை மாற்றிக்கொண்டாள் என்று கேள்வி. எங்கே என்று தெரியாது. மடிப்பக்கா காலையில் எழுந்து வேலைக்குப் போகிறாள், ஞாயிறு பூசைக்குப் போகிறாள். கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். தனக்கென்று எதையும் கேட்பதில்லை. கேட்க வாய் வருவதில்லை. குளிர் நாட்களில் மகளின் கைத்தோல் சுருங்கி இழுத்துக்கொள்ளும், ராத்திரியெல்லாம் வலிக்கும். அது இழுக்காமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்கிறாள்.